ஆல்ப்ஸ் மலை தனியாக நிற்காது

“ஒரு பழைய வீட்டைக் கண்டுபிடிச்சுத் தர்றதுக்கு என்ன வாங்குவீங்க?”

“வீட்டைப் பொறுத்து. தெரு தெரியுமா, இல்ல தாத்தா பேரை மட்டும் கையில வச்சுக்கிட்டு நிக்கிறீங்களா?”

“கண்டுபிடிக்காம இருக்கிறதுக்கு என்ன வாங்குவீங்க?”

ஹெட்விக் லாங்கே அன்று போனிலேயே சிரித்துவிட்டாள். சிகாகோவில் குடியேறிய ஜெர்மானியர்களின் பேரன் பேத்திகளுக்கு, அவர்கள் மூதாதையர் வாழ்ந்த தெருவையும் வீட்டையும் துப்பறிந்து காட்டுவதுதான் அவள் பிழைப்பு. தேடாதே என்று சொல்லி ஒருவர் போன் செய்தது இதுதான் முதல் தடவை.

“விளையாடறீங்களா?”

“என் வயசுல யாரும் விளையாட மாட்டாங்கம்மா. லொரேன் டீஃபன்பாக் உங்களைக் கூப்பிடுவா. முடியாதுன்னு சொல்லிடுங்க. வருஷத்துல ஒரே ஒரு நாள்தான் எனக்கு நாள். மத்ததெல்லாம் வெறும் தேதி. அந்த ஒண்ணையும் புடுங்கிடாதீங்க.”

பேர் சொல்லாமல் வைத்துவிட்டார்.

அது போன வாரம். இன்று காலை, கிழவர் சொன்ன மாதிரியே, லொரேன் டீஃபன்பாக் கூப்பிட்டுவிட்டாள். வீடு தேட இல்லை. திருட்டு.

“குரல் எப்படி இருந்துச்சு பாஸ்?” என்றான் டெக்லன், லிங்கன் அவென்யூ சிக்னலில் வண்டியை நிறுத்தி. டெக்லன் ஐரிஷ்காரன். மேடையில் நகைச்சுவை சொல்லிப் பிழைக்கப் பார்த்து, ஜனங்கள் சிரிக்க மறுத்ததால் துப்பறிய வந்தவன்.

“கெஞ்சுற குரல். மிரட்டத் தெரியாத ஆள்.”

“ஒரு ஜெர்மன்காரர் கெஞ்சினாரா? அப்ப விஷயம் பெருசுதான்.”

லொரேனுக்கு அறுபது வயது இருக்கும். டீஃபன்பாக் குடும்பச் சங்கத்தின் தலைவி. அவள் வீட்டு மேஜையில் காப்பிக் கோப்பைகளின் கைப்பிடிகள்கூட ஒரே திசையைப் பார்த்தன. கணவன் நார்பர்ட் மட்டும் நாற்காலியில் கோணலாக உட்கார்ந்திருந்தான்.

“எங்க கொள்ளுத்தாத்தா கொன்ராட் பீப்பாய் செய்யறவர். இந்த ஊர்ல ப்ரூக்னர் தெருவுல குடியிருந்தார்,” என்று லொரேன் ஆரம்பித்தாள். “முப்பது வருஷமா, ஒவ்வொரு ஏப்ரல்லயும், அவர் பிறந்தநாளுக்கு முந்தின சனிக்கிழமை, குடும்பமே அந்த வீட்டு முன்னாடி நின்னு பாடுவோம். இந்தச் சனிக்கிழமை வெண்கலப் பலகை பதிக்கிறோம். கவுன்சிலர் வர்றாரு. கொன்ராட் போட்டோவைக் கதவு அளவுக்குப் பெருசாக்கி வைக்கணும். நேத்து அச்சகத்துக்காரன் வந்து கேட்டான். சுவத்துல பார்த்தா, போட்டோ இருந்த எடத்துல அது!”

அது ஒரு மலை. நீல வானத்தில் வெள்ளைத் தொப்பி போட்ட மலை, அழகாகச் சட்டம் போடப்பட்டு, கோணாமல் தொங்கியது.

“ஞாயித்துக்கிழமை காப்பிக்குச் சொந்தக்காரங்க எல்லாரும் வந்திருந்தாங்க. அன்னிக்குத்தான் மாத்தியிருக்கணும்.”

“அப்புறம் யாரும் கவனிக்கலையா?” என்றாள் ஹெட்விக்.

“பார்த்தேன். ஆல்ப்ஸ் படம், நார்பர்ட் மாட்டியிருப்பான்னு விட்டுட்டேன்.”

“நான் லொரேன் மாட்டியிருப்பான்னு நினைச்சேன்,” என்றான் நார்பர்ட். “கேட்டா திட்டு விழும்.”

“இது மில்வாக்கிக்காரங்க வேலை,” என்று லொரேன் மேஜையைத் தட்டினாள். “எங்க சித்தப்பா வழி. கொன்ராட் அவங்க ஊர்லதான் குடியிருந்தார்னு சாதிக்கிற கும்பல்.”

ஹெட்விக்கின் கண் நார்பர்ட்டின் வயிற்றில் நின்றது. சுவரில் இல்லாத கொன்ராட் அங்கே பத்திரமாக இருந்தார். சங்கத்து டி-ஷர்ட். துணி இழுத்த இழுப்பில் கொள்ளுத்தாத்தாவின் மீசை இரண்டு காதையும் தொட்டது.

“நார்பர்ட், ஜன்னல் பக்கம் வாங்க. மூச்சை உள்ள இழுங்க. இன்னும் கொஞ்சம்.”

“இதுக்கு மேல இழுத்தா தாத்தா உள்ள போயிடுவாரு பாஸ்,” என்றான் டெக்லன்.

கதவு. வாசல்படி. காலைச் சுற்றிப் பனி. ஒரு கையில் பீர் வாங்கும் தகர வாளி, இன்னொரு கை புருவத்துக்கு மேல். ஒரு கண் மூடியிருந்தது.

“ஏன் இப்படிக் கண்ணைச் சுருக்குறாரு?”

“கோபக்காரர்,” என்றாள் லொரேன் பெருமையாக.

“வெயில்,” என்றாள் ஹெட்விக். “முழுப் படத்துல வேற என்ன இருந்துச்சு?”

“ஓரத்துல ஒரு சர்ச் கோபுரம், கடிகாரம் வச்சது. அதை எப்பவோ இடிச்சிட்டாங்க.”

“யார் சொன்னாங்க?”

“யாராவது சொல்லணுமா? நாங்க போய் நிக்கிற எடத்துல கோபுரமே இல்லையே!”

டெக்லன் காப்பியை மெல்ல வைத்தான். “அப்ப வீட்டு மேல சந்தேகம் வரலை. கோபுரம்தான் தப்புப் பண்ணியிருக்கு.”

“இதோ பாருங்க, இது எஞ்சினியர்ங்க குடும்பம். நம்பர்ல எங்களுக்குத் தப்பு வராது. கொன்ராட் கதவுல இருந்த நம்பர் தகடே எங்ககிட்ட இருக்கு. எழுநூத்தி நாப்பத்தி மூணு. 1890ல மாட்டினது.”

ஹெட்விக் ஒரு பெரிய துண்டுக் கேக்கை வாயில் வைத்துக்கொண்டாள். இல்லாவிட்டால் உளறியிருப்பாள். 1909இல் நகராட்சி உட்கார்ந்து ஊர் முழுக்க வீட்டு எண்களை மாற்றிப்போட்டது அவள் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் பால பாடம். பழைய 743 அதே தெருவில் வேறு எங்கோ இருக்கிறது. முப்பது வருஷமாக ஒரு குடும்பமே, நேரம் தவறாமல், சுருதி தவறாமல், யாரோ ஒருவர் வீட்டுக்கு முன்னால் நின்று பாடிக்கொண்டிருக்கிறது.

“இந்தச் சட்டை யார் செஞ்சது?”

“எங்க வெண்டெல் அண்ணன். பெரியப்பா பையன். கல்யாணமே பண்ணிக்கலை. பியானோவுக்குச் சுருதி சேர்க்கிறவர், எங்க பாட்டையும் அவர்தான் நடத்துவாரு.”

“கோபுரத்தை வெட்டினதும் அவர்தானா?”

“மார்புல எடம் பத்தலைன்னாரு.”

டெக்லன் நார்பர்ட்டைப் பார்த்தான். “எடம் பத்தலையா? இங்கயா?”

“743ல இப்ப யார் இருக்காங்க?” என்று ஹெட்விக் அவசரமாகக் கேட்டாள்.

“மிஸஸ் ஹமடா. ஜப்பானியக் குடும்பம். தங்கமான அம்மா. நாங்க பாடி முடிச்சதும் எல்லாருக்கும் சூடா டீ குடுப்பாங்க.”

ஹெட்விக்கும் டெக்லனும் ஒரே நேரத்தில் சுவரில் இருந்த மலையைப் பார்த்தார்கள். டெக்லன் வாயைத் திறந்தான். ஹெட்விக் அவன் காலை மிதித்தாள்.

“லொரேன், உங்க குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஒரு செய்தி போடுங்க. துப்பறியற அம்மா இன்னிக்குச் சாயங்காலம் சொந்தக்காரங்க வீட்டுக்கெல்லாம் வந்து அலமாரியைத் தொறந்து பார்ப்பாங்கன்னு.”

“மில்வாக்கிக்கும் போவீங்களா?”

“முதல்ல அங்கதான்னு போடுங்க.”

லொரேன் அவ்வளவு சந்தோஷமாக எதையும் தட்டச்சு செய்திருக்க மாட்டாள்.

வண்டியில் ஏறியதும் டெக்லன் வெடித்தான். “பாஸ், ஆல்ப்ஸ் மலை என்னிக்காவது தனியா நின்னு பார்த்திருக்கீங்களா? அது கூட்டமா நிக்கும், கல்யாண போட்டோவுல சொந்தக்காரங்க மாதிரி. ஒத்தையா, நடுவுல, சீவி முடிச்சு நிக்கிறது ஜப்பான்காரங்க ஃபூஜி!”

“கத்தாதே. ஃபூஜி மலைக்கு முன்னாடி உக்காந்து ஆல்ப்ஸ்னு காப்பி குடிச்சிருக்காங்கன்னு தெரிஞ்சா லொரேன் சங்கத்தையே கலைச்சிடுவா.”

“அப்ப திருடினது வெண்டெல் அண்ணனா?”

“கோபுரத்தைச் சட்டையிலேர்ந்து வெட்டினவருக்குத்தானே அது கதவு அளவுக்குப் பெருசாகக் கூடாது? ஏன்னுதான் புரியலை. தெருவோட மேற்குப் பக்கம் போ, 1909க்கு முந்தின 743 அங்கதான் இருக்கும்.”

ப்ரூக்னர் தெருவில் மேற்கே கொஞ்ச தூரம் போனதுமே கோபுரம் தெரிந்தது. யாரும் இடிக்கவில்லை. கடிகாரம் சரியான நேரத்தைக்கூடக் காட்டியது. பக்கத்தில், நல்ல வெயிலில் தெற்கைப் பார்த்தபடி, கொன்ராட் டீஃபன்பாக்கின் வீடு. அதே படி, அதே கதவு. கதவுக்கு மேலே நாய்களைக் குளிப்பாட்டிச் சீவிவிடும் கடையின் பலகை. கண்ணாடிக்குப் பின்னால் துண்டு கட்டிய ஒரு பூடில் நாய் அவர்களை அலட்சியமாகப் பார்த்தது.

“கவுன்சிலர் வெண்கலப் பலகையை எங்க பதிப்பாரு?” என்றான் டெக்லன். “நாய் குளிக்கிற தொட்டி மேலயா?”

ஹெட்விக்குக் கொஞ்சம்தான் சிரிப்பு வந்தது. வீடு கிடைத்துவிட்டது. அதாவது, போனில் கெஞ்சிய அந்த மனிதரின் ஒரே நாள் போகப்போகிறது. அதை எடுக்கப்போவது அவள்தான்.

“கிழக்கே திருப்பு. இப்ப இருக்கிற 743க்கு. படத்தை அலமாரியில வச்சிருக்க முடியாதுன்னு ஆனதும் அவர் அதை யார்கிட்டயாவது குடுக்கணும். ஃபூஜி குடுத்தவங்ககிட்டதான் போவாரு.”

743 செங்கல் வீடு, தெருவின் தென்சாரியில், வடக்கு பார்த்த வாசல். எதிர்ச்சாரித் தோட்டங்களில் வசந்தத்தின் முதல் பூக்கள் மஞ்சளாகவும் ஊதாவாகவும் எட்டிப்பார்த்தன. இந்தப் பக்கம் நிழலில் பழைய பனி அழுக்காகக் குவிந்து கிடந்தது.

“குளிர்காலத்துல இந்தப் படியில நின்னு வெயிலுக்குக் கண்ணைச் சுருக்க முடியுமா?” என்றாள் ஹெட்விக்.

“குளிருக்கு வேணா சுருக்கலாம்.”

படிக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி ஒரு பெரிய மண்தொட்டி. அதில் செத்துக் குச்சியாகிப் போன ஜெரேனியப் பூச்செடி. ஹெட்விக் அதைப் பார்த்தாள். பிறகு பக்கவாட்டு ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே செடிகள் கண்ணாடியை முட்டிக்கொண்டு வளர்ந்திருந்தன. மறுபடியும் தொட்டியைப் பார்த்தாள். மணியை அடித்தாள்.

கதவைத் திறந்தது எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். குட்டையாக வெட்டிய வெள்ளி முடி, சிரிக்கும் கண்கள், கையில் பாதி உரித்த உருளைக்கிழங்கு.

“சனிக்கிழமைதானே வருவீங்க? சாலட்டுக்கு இப்பத்தான் கிழங்கு உரிக்கிறேன்.”

“நாங்க டீஃபன்பாக் இல்லம்மா. அவங்களுக்கு வேலை பார்க்கிறவங்க.”

“அப்ப உங்களுக்கு டீ கண்டிப்பா வேணும். வாங்க. என்னை மரியன்னே கூப்பிடுங்க.”

சமையலறைச் சுவரில் ஒரு மீன்கடைக் காலண்டர். ஏப்ரல் மாதத்துச் செர்ரிப் பூக்கள்.

“அழகா இருக்கு,” என்றாள் ஹெட்விக்.

“கடையில சும்மா குடுப்பாங்க. ஜனவரிக்கு எப்பவும் ஃபூஜிதான். வேற மலையே கிடைக்காத மாதிரி.”

டெக்லனுக்கு இருமல் வந்தது. முன்னறைப் பியானோவின் மேல், சுருட்டிச் சிவப்பு ரிப்பன் கட்டிய இன்னொரு காலண்டர் இருந்தது. “அது யாருக்கு?”

“வெண்டெலுக்கு.” மரியன் கிழங்கை மும்முரமாக உரித்தாள். “வருஷம் ஒண்ணு எடுத்து வைப்பேன்.”

“ஏப்ரல்ல குடுக்கவா? மூணு மாசம் வீணாப் போயிருக்குமே!”

“அவர் ஏப்ரல்லதானே வர்றாரு,” என்றாள் மரியன்.

டெக்லன் கோப்பையை எடுத்தான். டீயைக் குடித்தான்.

லொரேன் வீட்டுச் சுவரில் தொங்கும் போன வருஷத்து ஜனவரி ஃபூஜி எங்கிருந்து வந்தது என்பது ஹெட்விக்குப் புரிந்துவிட்டது. ஏன் என்பதும். வருஷத்தில் ஒரு சனிக்கிழமை பாட்டு, ஒரு கோப்பை டீ, சுருட்டிய காலண்டர். வீடு இடம் மாறினால் அத்தனையும் நாய்க் கடைக்குப் போய்விடும்.

அழைப்பு மணி அடித்தது. ஜன்னல் வழியாகப் பார்த்த மரியன் ஈரக் கையாலேயே தலையைச் சரிசெய்துகொண்டாள். “இன்னிக்குப் புதன்கிழமைதானே?” என்று யாரையோ கேட்டுக்கொண்டே போனாள்.

வாசலில் ஓர் உயரமான, ஒல்லியான கிழவர். மார்போடு அணைத்த பழுப்புக் காகிதப் பொட்டலம், கதவளவு இல்லை, போட்டோ அளவு.

“மரியன், ஒரு சின்ன உதவி. இதைச் சனிக்கிழமை தாண்டுற வரைக்கும் உங்க வீட்ல...” உள்ளே பார்த்தார். நின்றுவிட்டார்.

“உக்காருங்க சார்,” என்றாள் ஹெட்விக். “உங்க குரல் எனக்குத் தெரியும். போன வாரம் பேசினோம்.”

வெண்டெல் பியானோ நாற்காலியில் உட்கார்ந்தார். பொட்டலத்தை விடவில்லை.

“எப்பத்திலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“சட்டை அடிச்ச வருஷத்திலேர்ந்து. படத்தை வெட்டறப்ப கோபுரத்தைப் பார்த்தேன். தேடிப் போனேன். நல்லா நின்னுட்டிருந்துச்சு, சனியன்.”

“லொரேன்கிட்ட சொல்லியிருக்கலாமே?”

“நாய் குளிக்கிற எடத்துல போய் எப்படிம்மா பாடறது?”

“அதுங்களும் கூடப் பாடும் சார்,” என்றான் டெக்லன். “உங்க சொந்தக்காரங்களை விடச் சுருதி சேரும்.”

வெண்டெல் சிரிக்கவில்லை. ஹெட்விக் குரலைத் தணித்தாள். “எனக்குப் பொய் சொல்ல வராது. நாளைக்கு லொரேன்கிட்ட சொல்லியாகணும். தப்பான சுவத்துல வெண்கலம் ஏறக் கூடாது. ஆனா நாளைக்குத்தான்.”

கிழவர் மரியன் பக்கம் திரும்பினார். முகத்தைப் பார்க்காமல், அவள் கையிலிருந்த கிழங்கைப் பார்த்துப் பேசினார். “உங்களை இத்தனை வருஷமா ஏமாத்திட்டேன் மரியன். இது கொன்ராட் வீடு இல்ல. அவர் இங்க இருந்ததே இல்ல. உங்க டீ, உங்க சாலட்டு, எல்லாம் தப்பான ஆளுங்களுக்குப் போயிருக்கு.”

மரியன் அவருக்கு டீ ஊற்றினாள். அதிர்ச்சி அடையவேண்டியவள் அடையவில்லை. ஹெட்விக் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

“மரியன்மா, எனக்கு ஒரு சந்தேகம். உங்க ஜன்னல்ல செடியெல்லாம் காடா வளருது. இவ்வளவு கைராசிக்காரங்க, வெயிலே படாத வாசல்ல போய் ஜெரேனியத்தை ஏன் வச்சீங்க? அது வெயில் செடியாச்சே.”

டீப் பாத்திரம் அந்தரத்தில் நின்றது.

“டெக்லன், போய் அந்தத் தொட்டியை நகர்த்து.”

வெளியே முனகலும் உரசலும் ஒரு ஐரிஷ் வசவும் கேட்டன. பிறகு, “பாஸ்! சுவத்துல ஒரு கல்லு! வீடு கட்டின வருஷம் செதுக்கியிருக்கு. 1924!”

“கொன்ராட் செத்தது 1911,” என்றார் வெண்டெல் மெதுவாக. அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. தலை நிமிர்ந்தது. “மரியன்?”

“எங்கப்பா இந்த வீட்டை வாங்கினப்ப முதல்ல காட்டினது அந்தக் கல்லைத்தான்,” என்றாள் மரியன். “நீங்கள்லாம் பாட வர்றப்ப அப்பா திரைக்குப் பின்னாடி நின்னு பார்ப்பாராம். கிறிஸ்துமஸ் பாட்டுக்காரங்க தேதி தெரியாம வந்துட்டாங்கன்னே சாகிற வரைக்கும் நினைச்சாரு. என் வீட்டுக்காரரும் போய், அப்பாவும் போய், நான் இங்க தனியா வந்த முதல் ஏப்ரல்ல, தப்பான வீடுன்னு உங்ககிட்ட சொல்லத்தான் வாசலுக்கு வந்தேன். நீங்க முன்னாடி நின்னு கையை ஆட்டிப் பாட வச்சுக்கிட்டிருந்தீங்க. பாட்டு முடியட்டும்னு நின்னேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் தொட்டி வாங்கினேன்.”

“முப்பது வருஷமா இத்தனை எஞ்சினியர் அந்தக் கல்லுக்கு முன்னாடி நின்னிருக்காங்களே!” என்றான் கதவருகே மூச்சு வாங்கிய டெக்லன்.

“அவங்க கதவு நம்பரைத்தான் பார்த்தாங்க,” என்றாள் மரியன். “வருஷா வருஷம் ஒரு செடியைக் கொன்னிருக்கேன் வெண்டெல். உங்க ஒருத்தருக்காக.”

ஹெட்விக் எழுந்து டெக்லனின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் நகரவில்லை. உண்மையைச் சொன்னால் அவளும் முழு மனதோடு இழுக்கவில்லை.

வெண்டெல் பொட்டலத்தைப் பியானோவின் மேல் வைத்தார். வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வீட்டுக் கம்பிகளை முறுக்கிச் சுருதி சேர்த்த கைகள், இப்போது எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் தடுமாறின.

“மரியன்,” என்றார். “இனிமே இங்க கொன்ராட் இல்ல. பாட்டு இல்ல. பலகை வராது. சொல்லிக்க ஒரு சாக்கும் இல்ல. ஏப்ரல் இல்லாத மாசத்துலயும், சனி இல்லாத கிழமையிலயும், யார் பேரையும் சொல்லாம, சும்மா... நான் வரட்டுமா?”